முன் பிரேக்கும் ஒரு சத்தியமும்

திரைக்காரி இரண்டாவது முறையும் வெள்ளைக் கோட்டைத் தாண்டித்தான் நின்றாள். எவ்வளவு தாண்டினாள் என்று லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் அளந்து பார்க்கவில்லை. அவளுக்கு அளக்க வேண்டிய அவசியமும் இல்லை. இருபத்தேழு வருடமாக அடுத்தவர் வீட்டு ஜன்னல்களை அளந்து திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். டேப்பை எடுக்காமலே கண்ணால் அளவு சொல்லிவிடுவாள். நான்கரை அடி. சுமாரான ஒரு படுக்கையறை ஜன்னலின் அகலம். முதல் முறை டெஸ்டுக்கு வந்தபோது ஏழடி தாண்டி, பின்சக்கரம் கோணிக்கொண்டு போய், வண்டி அவளோடு சேர்ந்து படுத்தே விட்டது. அதோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றம்தான். ஆனால் லைசென்ஸ் கொடுக்கிறவர்கள் அப்படியெல்லாம் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை.

"கால் பிரேக்கை மட்டுமே நம்பி வர்றீங்கம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை, பொறுமையாகச் சொன்னார். "கையிலயும் ஒண்ணு இருக்கே, முன் பிரேக். ரெண்டையும் சேர்த்துப் போட்டாத்தான் இந்தத் தூரத்துல நிக்கும்."

திரைக்காரி பவ்வியமாகத் தலையாட்டினாள். இந்த ஆள் ஒரு தடவையாவது விழுந்திருந்தால் இப்படிப் பேசுவாரா என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டாள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அவள் வீட்டுக்காரர், இன்ஸ்பெக்டர் சொன்னது காதில் விழுந்ததும், கையிலிருந்த குடையை விரித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் மடக்கினார். மழைக்கான அறிகுறி எதுவும் இல்லை.

இனி மிச்சம் ஒரே ஒரு வாய்ப்பு. அது இன்ஸ்பெக்டர் வைத்த சட்டம் அல்ல, வெளியூரில் வேலை பார்க்கும் மகள் வைத்த சட்டம்.

போன வருடம் வீட்டுக்காரருக்குக் கண்ணில் கோளாறு வந்தது. ஓரமெல்லாம் நன்றாகத் தெரியும். நடுவில் மட்டும் யாரோ எண்ணெய்க் கையால் தடவிவிட்ட கண்ணாடி மாதிரி மங்கலாக இருக்கும். எதிரே வருவது ஆளா, கம்பமா என்பது கிட்டே வந்த பிறகுதான் புரியும். வண்டிச் சாவியை இனிமேல் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரைக்கும், தபால் பிரிக்கும் வேலையில் காலை ஷிப்ட் முடித்துவிட்டு வந்து, அவர்தான் அவளை வீடு வீடாக ஏற்றிக்கொண்டு போவார். டேப்பின் மறுமுனையைப் பிடிப்பவரும் அவரே. அவர் ஓட்டுவதை நிறுத்திய பிறகு அவள் வாடகை வண்டிகளை நம்பிப் பார்த்தாள். ஏழடித் திரைக்கம்பியைக் கண்டதும் வண்டிக்காரர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார்கள். ஒரு நாள் தெருமுனையில் கம்பியும் கையுமாக முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு வந்து, "நானே ஓட்டப் போறேன்," என்றாள்.

மகள் போனில் தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மா, உனக்கு அம்பது வயசு. அப்பாவுக்குக் கண்ணு தெரியல. நீ எங்கயாவது விழுந்து வச்சா யாரு பாக்கறது?"

"விழாம ஓட்டினாப் போச்சு."

"சரி, மூணு தடவை டெஸ்டுக்குப் போ. மூணாவது தடவையும் ஆகலைன்னா, வண்டியை வித்துட்டு, தையலையும் மூட்டை கட்டிட்டு, ரெண்டு பேரும் என்கூட வந்துடணும். அதுக்கப்புறம் பேச்சே கிடையாது."

"சரி," என்று சொல்லிவிட்டாள் திரைக்காரி. ஓட்டத் தெரியாத ஒரு வண்டியை நம்பி வீட்டையும் தொழிலையும் பணயம் வைத்தது புத்திசாலித்தனமா என்று கேட்டால், இல்லைதான். மகள் பேசிய தொனி அப்படி. மகளுக்கு அந்தத் தொனி யாரிடமிருந்து வந்தது என்று வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்லுவார். கேட்க ஆள்தான் இல்லை.

மூன்றாவது டெஸ்டுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அவள் முன் பிரேக்கைத் தொடாததற்கு ஒரு கதை உண்டு. கல்யாணமான இரண்டாவது வருடம் வாங்கிய வண்டி அது. சிவப்பு நிறம், நீளமான சீட், கால் வைத்து உதைத்தால்தான் கிளம்பும். வாங்கிய மூன்றாவது வாரம், முதல் பெரிய ஆர்டர் கிடைத்த சந்தோஷத்தில் இரண்டு பேரும் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு சந்து முனையில் திரும்பும்போது நாய் குறுக்கே வந்தது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று சொல்ல முடியாது. கை நன்றாகவே ஓடியது. நான்கு விரலாலும் முன் பிரேக்கைப் பிடித்து இழுத்தார். நாய் தப்பித்தது. இவர்கள் இரண்டு பேரும் தரையில் கிடந்தார்கள். அவருக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை, அவளுக்குத் தாடையில் மூன்று தையல். அதுவும் கோணல் தையல். தானாக இருந்தால் அதைப் பிரித்துவிட்டு மறுபடியும் போட்டிருப்பாள் என்று இன்றைக்கும் சொல்லுவாள்.

கட்டுப் பிரித்த அன்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். "இனிமே அந்த முன் பிரேக்கைத் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க. இல்லைன்னா நான் இந்த வண்டில ஏற மாட்டேன்." அவரும் சத்தியம் பண்ணினார். அன்றிலிருந்து இருபத்தைந்து வருடம், மழையிலும் வெயிலிலும், அவர் பின்னால் உட்கார்ந்து அவள் போனாள். மறுபடி ஒரு தடவைகூட விழவில்லை. திரை மாட்டப் போகிற வீடுகளிலெல்லாம் இதைப் பெருமையாகச் சொல்லுவாள். "எங்க வீட்டுக்காரர் ஒரு வாக்கு குடுத்தா குடுத்ததுதான்." அப்போது அவர் ஜன்னல் மேல் ஏறி நின்று ஆணியைத் தேடிக்கொண்டிருப்பார்.

அந்த வருடங்களை நினைத்தால் திரைக்காரிக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய சட்டையின் முதுகுதான். ஒரு பக்கமாக, இடப்புறம் பார்த்து உட்காருவாள். மடியில் துணிக்கட்டு, தோளில் சாய்ந்த திரைக்கம்பி. எந்தச் சட்டையின் காலர் எந்த வருடம் நைந்தது என்றுகூட அவளால் சொல்ல முடியும். ஊரின் ஒரு பக்கத்தைத்தான் அவள் போகும்போது பார்ப்பாள்; மறுபக்கத்தை வரும்போது பார்ப்பாள். இரண்டையும் சேர்த்துத் தைத்து வைத்திருந்ததுதான் அவளுடைய ஊர். அவர் பேசுவது பாதி காற்றில் போய்விடும். மீதிப் பாதிக்கு அவள் பதில் சொல்லுவாள், அது அவருக்குக் கேட்காது. இப்படியே இரண்டு பேரும் சந்தோஷமாகப் பேசிக்கொண்டு போவார்கள். மழை வந்தால் பாலத்துக்கு அடியில் நிற்பார்கள். துணிக்கட்டுக்குத்தான் மழைக்கோட்டு, மனுஷர்களுக்கு இல்லை. மகள் பிறந்து, உட்காரப் பழகியதும் டேங்க் மேல் இடம் பிடித்தாள். கொஞ்ச நாளில் நடுவில் வந்தாள். அப்புறம் ஒரு நாள் கூட வர மாட்டேன் என்றாள்.

அந்த நாட்களில் வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு தொல்லை இருந்தது. கனைப்பு. வண்டி எங்கேயாவது நிற்கப் போகிறது என்றால், அதற்குக் கொஞ்சம் முன்னால், "க்கும்" என்று தொண்டையைக் கனைப்பார். சிக்னல் வந்தால் கனைப்பு, வீடு வந்தால் கனைப்பு, குறுக்கே ஒரு ஆள் போனால் கனைப்பு. அவள் காது பழகி, அந்தச் சத்தம் வந்ததும் கை தானாகப் பின்கம்பியைப் பிடித்துக்கொள்ளும். "தொண்டை கட்டிக்கிச்சா? வீட்டுக்குப் போனதும் வெந்நீர் வச்சுத் தரேன்," என்பாள். உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னாள். ஒரு தடவை தொண்டை டாக்டரிடமே இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பாட்டுப் பாடலாம், அவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்றார். போன வருடம் வண்டியை விட்ட பிறகு கனைப்பும் போய்விட்டது. கடைசியில் வெந்நீர்தான் கேட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இப்போது அவர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். விடுமுறை நாட்களில் ஆள் இல்லாத ஒரு கிடங்கு முற்றம். தையல் சாக்கட்டியால் அவள் தரையில் கோடு போடுவாள். அவர் கோட்டுக்குப் பக்கத்தில் குடையை ஊன்றிக்கொண்டு நிற்பார். கண் தெரியாவிட்டால் என்ன, காது போதும் அவருக்கு.

"முதல்ல ஆக்ஸிலரேட்டரை விடு. விடாமலே பிரேக்கைப் போடற, எனக்குக் கேக்குது. சக்கரத்தைப் பாக்காதே, தூரத்துல பாரு. உடம்பை நிமிர்த்து. நிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி கிளட்ச். அப்புறம் இடது காலை ஊன்று."

எல்லாம் கச்சிதமாகச் சொல்லுவார். முன் பிரேக் இருக்கும் வலது கைக்கு வந்ததும் மட்டும் குடையைத் தடவுவார். அவள் பின் பிரேக்கை மிதிப்பாள், பின்சக்கரம் கிரீச்சிட்டு இழுத்துக்கொண்டு போகும், கோடு தாண்டிவிடும். "இன்னொரு தடவை," என்பார் அவர். மெல்ல மிதித்தால் நிற்காது. ஓங்கி மிதித்தால் வழுக்கும். இரண்டு மாதத்தில் அவள் முட்டியில் பழைய தோல் என்று எதுவும் மிஞ்சவில்லை.

இரண்டாவது டெஸ்ட் முடிந்த மறுநாள் பின் பிரேக் ஓலமிட ஆரம்பித்தது. வண்டியை இரண்டு தெரு தள்ளி இருந்த மெக்கானிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அவனுடைய அப்பா காலத்திலிருந்து வண்டிக்கு அங்கேதான் வைத்தியம். ஆனால் எப்போதும் வீட்டுக்காரர்தான் கொண்டு போவார். அவள் அந்தக் கடையின் எண்ணெய்த் தரையில் கால் வைத்ததே இல்லை.

மெக்கானிக் பின்சக்கரத்தைக் கழற்றி, சக்கரத்தை உரசி நிறுத்தும் பிரேக் ஷூவை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். "என்னக்கா இது, ரெண்டே மாசத்துல மொட்டையாயிடுச்சு. சார் ஓட்டினப்போ பின்னாடி ஷூ தேயவே தேயாது. அவர் அதுல காலை வச்சாரான்னே எனக்குச் சந்தேகம்."

"அவர் பின் பிரேக் மட்டும்தானே போடுவாரு," என்றாள் அவள்.

மெக்கானிக் சிரித்தான். "யாரு, சாரா? முன்னாடி ஷூவை ஒண்ணரை வருஷம், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துவோம்க்கா. எங்க அப்பா காலத்துலேர்ந்து. ஆனா அவர் தேய்ச்ச ஷூவைப் பாக்கணும் நீங்க. ஒரே சீரா, தாள் மாதிரி தேஞ்சிருக்கும். வெடுக்குனு பிடிக்கிறவங்க ஷூ எல்லாம் கருகிப் போய் வரும். அவரோடது அப்படி வந்ததே இல்ல. பூவைப் பறிக்கிற மாதிரி பிரேக் பிடிக்கிற கைன்னு எங்க அப்பா சொல்லுவாரு."

அவன் பேசிக்கொண்டே போனான். திரைக்காரிக்கு அதற்கு மேல் எதுவும் காதில் ஏறவில்லை. வேலை முடிந்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். முதல் தெரு முடிவதற்குள் கோபம் உச்சிக்கு ஏறியது. இரண்டாவது தெருவில் நடுவழியில் அப்படியே நின்றுவிட்டாள். க்கும்.

அது தொண்டை இல்லை. இருபத்தைந்து வருடமும் அது தொண்டையே இல்லை. முன் பிரேக்கைத் தொடப் போகிறேன், பிடித்துக்கொள் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறார். அவள் வெந்நீர் வைத்துக் கொடுத்திருக்கிறாள். அவரும் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக் குடித்திருக்கிறார்.

வீட்டுக்குள் வந்தபோது அவர் தரையில் உட்கார்ந்து திரைத்துணியில் வளையங்களைக் கோத்துக்கொண்டிருந்தார். விரல்நுனிக்கே பழகிப்போன வேலை.

"முன் பிரேக் ஷூ எத்தனை தடவை மாத்தியிருக்கீங்க?" என்று கேட்டாள்.

ஒரு வளையம் அவர் கையிலிருந்து நழுவி தையல் மெஷினுக்கு அடியில் உருண்டு போனது. அவர் அதைத் தேடவில்லை.

"பன்னெண்டு, பதிமூணு இருக்கும்."

"சத்தியம் பண்ணினீங்களே."

"பண்ணினேன். பத்து நாள் காப்பாத்தினேன்." அவர் வளையங்களை ஒதுக்கி வைத்தார். "பதினொண்ணாவது நாள், கடைவீதில, முன்னாடி நின்னுட்டிருந்த வேன்காரன் சடார்னு கதவைத் திறந்தான். கால் பிரேக்குக்கு நிக்காதுன்னு தெரிஞ்சு போச்சு. விரல் தானாப் போயிடுச்சு. ஆனா அந்தத் தடவை இழுக்கல. பயத்துல மெல்லத்தான் அழுத்தினேன். கதவுக்கு ஒரு சாண் முன்னாடி வண்டி அப்படியே நின்னுச்சு. நான் திரும்பி உன்கிட்ட சொல்லத்தான் போனேன். அதுக்குள்ள நீ என்ன சொன்ன தெரியுமா?"

"என்ன சொன்னேன்?"

"'பாத்தீங்களா, முன் பிரேக் இல்லாமலே எவ்வளவு அழகா நிக்குது'ன்னு சொன்ன."

வேறு ஒரு நாளாக இருந்தால் திரைக்காரி சிரித்திருப்பாள். இப்போதும் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்தது. அதை விழுங்கினாள்.

"அன்னைக்கு விழுந்தது பிரேக்கால இல்ல," என்றார் அவர். "வளைவு, தரையில மணல், ஹேண்டில் திரும்பியிருக்கு. அந்த நேரத்துல திருடனைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சேன். என் கைதான் தப்பு. உனக்கு அடிபட்டிருந்துச்சு, நான் தப்பு பண்ணிட்டேன்னு சொல்ல வாய் வரல. பிரேக் மேல பழியைப் போட்டது எனக்கும் சௌகரியமாப் போச்சு."

"அதையெல்லாம்கூட விடுங்க," என்றாள். "ரெண்டு மாசமா நான் விழுந்து விழுந்து எழுந்திரிக்கிறேன். எதனால நிக்கலைன்னு தெரிஞ்சும், பக்கத்துல குடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்களே. வீடு போகப் போகுது, தொழில் போகப் போகுது. அப்பவும் வாயைத் திறக்கலையே."

அவர் மெதுவாகச் சொன்னார். "ஒவ்வொரு நாளும் சொல்லிடணும்னுதான் வருவேன். நீ ஹெல்மெட் மாட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை தாடையைத் தடவிக்குவ. அவ்வளவுதான், வந்த வார்த்தை போயிடும். என் வீட்டுக்காரர் வாக்குத் தவற மாட்டார்னு ஊரெல்லாம் சொன்னவ நீ. வண்டி போனாலும் போகட்டும், அந்தப் பேர் போகக்கூடாதுன்னு நினைச்சுட்டேன். கேவலமான நினைப்புதான்."

அவள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகையில் கோபம் எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஏமாற்றப்பட்டவள்தான் அவள். ஆனால் அவளை ஒரு தடவைகூட உணர விடாமல், ஒரு குலுக்கல் இல்லாமல், பத்தாயிரம் தடவை நிறுத்திய கையையும் அவள் நினைத்துக்கொண்டாள். எதற்காக அழுகிறோம் என்று தெரியாமலே அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு வந்து, மெஷினுக்கு அடியில் கிடந்த வளையத்தை எடுத்து அவர் முன்னால் டொக்கென்று வைத்தாள்.

அதன்பிறகு ஐந்து நாள் பேச்சுவார்த்தை இல்லை. ஜன்னல் அளக்கப் போன இடங்களில் மட்டும், டேப்பின் இந்த முனையிலிருந்து "ஆறரை" என்பாள் அவள். அந்த முனையிலிருந்து "ம்" என்பார் அவர். நாலு மூலை ஜன்னலுக்கு அது போதும்.

ஆறாவது நாள் அவள் தனியாகக் கிடங்கு முற்றத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். கோடு போட்டாள். நடைவேகத்தில் வந்து, கண்ணை மூடாத குறையாக முன் பிரேக்கைப் பிடித்தாள். வண்டியின் முன்பக்கம் குபுக்கென்று இறங்கி, இன்ஜின் அணைந்து, அவள் நெஞ்சு டேங்கில் இடித்தது. ஆனால் விழவில்லை. நேராக வந்தால் இது தூக்கி எறிவதில்லை என்பதை உடம்பு முதல் தடவையாகத் தெரிந்துகொண்டது. இரண்டாவது தடவையும் குபுக். மூன்றாவது தடவையும் அதேதான்.

வண்டியை நிறுத்திவிட்டு யோசித்தாள். தையல் பழக வருகிற பெண்கள் எல்லோரும் முதல் நாள் இப்படித்தான் செய்வார்கள். மோட்டார் மெஷினின் பெடலை ஒரே மிதியாக மிதிப்பார்கள். துணி சுருட்டிக்கொள்ளும், ஊசி பட்டென்று உடையும். 'முதல்ல கொஞ்சமா வை. ஊசி துணியைப் பிடிக்கட்டும். பிடிச்சுதுன்னு உன் காலுக்குத் தெரியும். அப்புறம் மிதி' என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். சொன்னதெல்லாம் அவளுடைய வலது கைக்குத்தான் எட்டவில்லை.

நான்காவது தடவை இரண்டே விரலை வைத்தாள். கொஞ்சம் அழுத்தினாள். முன்பக்கம் மெல்ல இறங்கி, பாரம் முன்சக்கரத்தில் உட்கார்ந்தது. உட்கார்ந்த பிறகு இன்னும் அழுத்தினாள். காலை லேசாகப் பின் பிரேக்கில் வைத்தாள். சக்கரம் கிரீச்சிடவில்லை. கோட்டுக்கு முன்னால், ஒரு கைக்குட்டை அகலத்தில், வண்டி நின்றது.

"இப்ப சரியா இருந்துச்சு," என்று ஒரு குரல் கேட்டது.

வீட்டுக்காரர் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவ்வளவு தூரம் தனியாக, தடவித் தடவி நடந்தே வந்திருக்கிறார். அவள் அவரைப் போகச் சொல்லவில்லை.

"நிக்கப் போற நேரத்துல முன் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்து," என்றார் அங்கிருந்தே. "அப்பதான் பின்னாடி இருக்கறவங்களுக்குக் குலுக்காது. மணல்லயும், ஹேண்டில் திரும்பி இருக்கும்போதும் மட்டும் அதைத் தொடாதே. அங்க வர்றதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சுக்கோ."

இருபத்தைந்து வருடத்தில் முன் பிரேக்கைப் பற்றி அவர் வாய்விட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. பேசப் பேச அவருக்கு முதுகு நிமிர்ந்தது. அவள் வண்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் கோட்டை நோக்கி வந்தாள். இருட்டும் வரைக்கும் வந்துகொண்டே இருந்தாள்.

டெஸ்ட் அன்று காலையில் மகள் போன் செய்தாள். இப்போது எடுக்க வேண்டாம், திரும்பி வந்து பேசிக்கொள்ளலாம் என்று திரைக்காரி போனைப் பையில் போட்டுக்கொண்டாள். டெஸ்ட் மைதானத்தில் அவளுக்கு முன்னால் இளவட்டங்கள் ஏழெட்டுப் பேர். எல்லோரும் அவள் மகளைவிடச் சின்னவர்கள். இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்ததும் வானத்தைப் பார்த்தார்.

அவள் முறை வந்தது. ஹெல்மெட் மாட்டும் முன் கை பழக்கத்தில் தாடைக்குப் போனது. தழும்பை ஒரு தடவை தொட்டுவிட்டு வண்டியை எடுத்தாள். முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. முள் முப்பதைத் தொட்டது. பார்வை தூரத்தில் இருந்தது. இன்ஸ்பெக்டரின் கொடி கீழே இறங்கியது.

அப்போது அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "க்கும்." அவள் நினைத்துச் செய்ததல்ல. பின்சீட்டில் யாரும் இல்லை, பிடித்துக்கொள்ள ஒரு கையும் இல்லை. ஆனாலும் சத்தம் வந்தது, அதன் பின்னாலேயே விரல்கள் போயின. கொஞ்சமாக வைத்தாள், முன்பக்கம் உட்கார்ந்தது, மேலும் அழுத்தினாள், கடைசியில் தளர்த்தினாள். இடது கால் தரையில் ஊன்றியது. முன்சக்கரத்துக்கும் வெள்ளைக் கோட்டுக்கும் நடுவே ஒன்பது அங்குலம் இருந்தது. டேப் வைத்தாலும் அதேதான் காட்டும்.

இன்ஸ்பெக்டர் கிட்டே வந்து கோட்டைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "தொண்டை சரியில்லையாம்மா? தண்ணி குடிக்கறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே தாளில் கையெழுத்துப் போட்டார்.

வேலிக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரருக்கு எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் கிரீச்சென்ற சத்தம் வராததை அவர் கேட்டிருந்தார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் நீர் நின்றிருந்தது. கண் கோளாறு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்தான். ஆனால் அவர் துடைக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

அவள் வண்டியை அவருக்குப் பக்கத்தில் கொண்டு வந்து நிறுத்தினாள்.

"எனக்கு இன்னும் கோபம் போகல," என்றாள்.

"தெரியும்."

"ஏறுங்க."

இருபத்தைந்து வருடத்தில் அவர் அந்தச் சீட்டின் பின்பாதியில் உட்கார்ந்ததே இல்லை. காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறினார். அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். வண்டி கிளம்பியது. தெருவின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அவள் கண்ணுக்கு முன்னால் விரிந்து வந்தன. தைத்த இடமே தெரியாமல் ஊர் ஒரே துணியாக இருந்தது. எந்தெந்த மாடியில் தன் திரை தொங்குகிறது என்று பார்த்துக்கொண்டே போனாள். அவர் பின்னால் ஏதோ சொன்னார், பாதி காற்றில் போய்விட்டது. மீதிப் பாதிக்கு அவள் பதில் சொன்னாள்.

முதல் சிக்னலில் சிவப்பு விழுந்தது.

"க்கும்," என்றாள் அவள்.

அவர் கை தடவிப் போய்ப் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டது. வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் நின்றது. அவர் அவள் தோள் பக்கமாகக் குனிந்து கேட்டார்.

"தொண்டை கட்டிக்கிச்சா? வீட்டுக்குப் போனதும் வெந்நீர் வச்சுத் தரேன்."